காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி

மேடையில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவரின் காலடியில், அவர் முகம் பார்த்துச் சாய்ந்திருக்கும் பெட்டிதான் மானிட்டர். சபைக்கு அதன் முதுகுதான் தெரியும். தன் வாசிப்பைத் தானே கேட்க, வாசிப்பவருக்கோ அதை நம்பித்தான் கச்சேரி.

எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் இதற்குச் சரிப்படாது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஸ்பீக்கர் மங்கிவிடும்; கம்பியில் பிக் உரசும் மினுமினுப்பே காணாமல் போகும். உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் உள்ள பெட்டியாகப் பாருங்கள்.

எவ்வளவு சத்தம் போடும் என்பதைவிட, எதுவரை ஊளையிடாது என்பதே முக்கியம். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். மானிட்டர் அதைச் சீண்டினால் 'ஊம்ம்' என்று ஃபீட்பேக் கிளம்பும். அந்த இடத்தை மட்டும் குறைக்கும் நாட்ச் ஃபில்டர் இருந்தால் பெரும் நிம்மதி.

வாங்குமுன் சொந்தக் கிட்டாரைச் செருகி, 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் கம்பியை மேடைச் சத்தத்தில் மீட்டுங்கள். நாதம் வீங்காமல் நின்றால் தாராளமாகப் பணத்தை எடுக்கலாம்.