செவியறியாச் செய்யுள்

சீறாப்புராணம் மூன்று காண்டங்களையும் 5027 பாடல்களையும் உடையது என்பதை நம் மாணவன் தவறின்றி எழுதிவிடுவான். உமறுப்புலவர், வள்ளல் சீதக்காதி, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் பெயர்கள் யாவும் அவன் நாநுனியில் நிற்கும். மனப்பாடப் பகுதியாக வந்த விருத்தத்தை அடிபிறழாமல் எழுதி மதிப்பெண்ணும் பெறுவான். அதைப் பாடிக் காட்டு என்றால் மட்டும் விழிப்பான். குற்றம் அவனுடையதன்று. விருத்தம் பாடுதற்குரியது என்பதையே அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

பள்ளிகளில் இசைக்கென ஒதுக்கிய நேரம் பெரும்பாலும் ஆண்டு விழா ஒத்திகைக்குப் போய்விடுகிறது; இல்லையேல் கணக்காசிரியர் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறார். முறையாக நடக்கும் இடங்களில் சரளி வரிசை கற்பிக்கிறார்கள். நல்ல கல்வியே, எனினும் அடுத்த அறையில் தமிழாசிரியர் நடத்தும் செய்யுளுக்கும் அதற்கும் உறவில்லை. நம் வீடுகளிலோ, “சங்கீதம் நமக்கு ஆகாது” என்ற ஒரே சொல்லால் கதவை அடைத்துவிடுகிறோம். இசைக்கருவிகளைப் பற்றி உலமாப் பெருமக்களிடையே கருத்து வேற்றுமை நெடுங்காலமாக உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ‘ஸமா’ பற்றித் தனிப்பகுதியே எழுதியிருக்கின்றார்கள். அவ்வழக்கைத் தீர்க்க இங்கே நான் முற்படவில்லை. நான் கேட்பது கருவியை அன்று, குரலையும் செவியையுமே.

காலையில் மக்தபுக்குச் செல்லும் சிறுவன் தஜ்வீது கற்கிறான். இயல்பான மத்து இரண்டு ஹரக்கத்து அளவு, லாஸிமான மத்து ஆறு அளவு என்று விரல் மடக்கி எண்ணப் பழகுகிறான். அதே சிறுவன் பத்து மணிக்குத் தமிழ் வகுப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நெட்டுருப் போடுகிறான். அங்கே காலத்தைக் காதால் அளக்கிறான். இங்கே மையால் எழுதுகிறான். இரண்டும் ஒலியின் கால அளவே என்று இணைத்துக் காட்ட ஓர் ஆசிரியர் போதும். (குர்ஆன் ஓதுதலை இசை என்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டா. அதன் மாண்பு வேறு. அங்கே பண்பட்ட செவியைத் தமிழுக்கும் தரலாம் என்பதே என் கூற்று.)

காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பாடிய திருப்புகழை எடுத்துக்கொள்வோம். அருணகிரிநாதர் காட்டிய சந்த நெறியில் நடப்பது அது. வல்லெழுத்து எங்கே, மெல்லெழுத்து எங்கே, குறில் எங்கே, நெடில் எங்கே என்ற ஒழுங்கு அடிதோறும் மீண்டு வருவதே சந்தம். ‘தந்த’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தத்த’ என்று வந்தால் காது உடனே இடறும். பொருள் விளங்குமுன்னே பிழை விளங்கிவிடும். அச்சந்தத்துக்குள் நாயகத்தின் புகழை அமர்த்திய திறத்தைக் கண்ணால் மட்டும் படிப்பவன் எவ்வாறு உணர்வான்? கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் எட்டு வயதுக் குழந்தையும் உணரும்.

திரைப்பட மெட்டில் இஸ்லாமியப் பாடல் புனைவோர், “காசிம் புலவரும் இரவல் சந்தத்தில்தானே பாடினார்?” என்று வாதிப்பதுண்டு. இவ்வாதம் செல்லாது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) அவர்களும் தாயுமானவர் ஆண்ட கண்ணி வடிவில்தான் பராபரக்கண்ணி பாடினார்கள். அவர்கள் வாங்கியது வடிவம். அதில் ஓடியது தம் சொந்த மூச்சு. திரைமெட்டுப் பாடலிலோ மெட்டு தன் பழைய சொற்களை இழுத்துக்கொண்டே வருகிறது. கேட்பவன் மனத்தில் நாயகத்தின் புகழ் எழுமுன் படக்காட்சி எழுந்து நிற்கிறது. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் செவியைத் தராத இசைக் கல்வியால் நமக்கென்ன பயன்? நாகூர் ஈ.எம். ஹனீபா (1925-2015) அவர்களின் பாடல்களைக் கேட்டே நம் குழந்தைகள் வளர்கின்றனர். அவ்வளவு உச்சத்திலும் சொல் சிதையாமல் நிற்பது எவ்வாறு என்று ஒருநாளேனும் வகுப்பில் கவனித்துக் கேட்கச் செய்யலாகாதா?

தக்கலையில் பீர் முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ஓர் இரவு முழுவதும் கூடிப் பாடுகின்றனர். நூல் அங்கே ஏட்டில் உறங்கவில்லை, தொண்டையில் வாழ்கிறது. ஏனைய ஊர்களில் மாலையும் முனாஜாத்தும் தாலாட்டும் மூத்த பெண்மணிகளோடு மெல்ல மறைந்து வருகின்றன. சொற்களேனும் அச்சில் கிடைக்கலாம், மெட்டு கிடைக்காது. ஆகவே கீழ்வகுப்புக் குழந்தை தன் வீட்டு மூதாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டுக் கற்று வரட்டும். கைப்பேசியில் பதிந்து வந்தாலும் நன்றே. நடு வகுப்புகளில் கண்ணியும் சந்தமும் போதும். விருத்தம் மேல் வகுப்புக்கு உரியது. தாளக்கட்டு இல்லாததால் பொருளறிந்தே அதை நிறுத்தவும் நீட்டவும் வேண்டும்.

அரசு பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளிலேனும் மனப்பாடச் செய்யுளுக்கு வாய்மொழித் தேர்வு ஒன்றை வைக்கலாம். பாடவல்ல ஆசிரியர் இல்லையெனில், சீறாவைப் பாடிப் பொருள் சொல்லத் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை வாரம் ஒருநாள் அழைக்கலாம். அத்தகையோர் எந்தெந்த ஊரில் எஞ்சியிருக்கின்றனர் என்று தேடும் பணியை இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும்.