பீலாவுக்குள் 20,000 வோல்ட்

ராயபுரம் பக்கம் பழைய டிவி ரிப்பேர் பார்த்தவர்களிடம் உட்கார்ந்தால் இந்த மாதிரி ஒரு கதை கட்டாயம் கிடைக்கும்: "பிக்சர் டியூப்ல கை பட்டுச்சு தம்பி. ஒரே தூக்கு! நேரா காசிமேட்டுல போய் உழுந்தேன். வந்தது வந்தாச்சு, சும்மா எதுக்குத் திரும்பணும்னு அரை கிலோ நெத்திலி வாங்கினு கடைக்கு நடந்து வந்தேன்."

வடசென்னையில் இதற்குப் பெயர் பீலா. சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் இதையும் ஒரு கதைவடிவமாக எடுத்துக்கொண்டு, பொய் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்கலாம்.

கலர் டிவியின் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். ஸ்விட்சை அணைத்த பிறகும் அது டியூபுக்குள் தங்கியிருக்கும். அதனால்தான் ஸ்க்ரூடிரைவரை ஒயரால் சேஸியோடு இணைத்து, முதலில் அந்தச் சார்ஜை இறக்கிவிட்டுக் கை வைப்பார்கள். சிலர் ஒரு கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஒரு கையில் ஏறும் மின்சாரம் நெஞ்சு வழியாக மறுகைக்குப் போய்விடக்கூடாது என்ற பயம். ஆக, 'ஒரே தூக்கு' வரைக்கும் நிஜம். காசிமேடுதான் பீலா.

இன்னொரு கதை. டியூபின் கழுத்தில் மாட்டும் யோக் காயிலைத் தலைகீழாக மாட்டிவிட்டார். செய்தி வாசிப்பவர் தலைகீழாகத் தொங்குகிறார். வாசலில் கஸ்டமர். "டிவியவே கவுத்து வெச்சிட்டேன். பத்து வருஷம் அப்படியேதான் பாத்தாங்க." யோக் திரும்பினால் படமும் திரும்பும் என்பது அப்பட்டமான உண்மை. பத்து வருஷம்தான் கொஞ்சம் ஓவர்.

மூன்றாவது, மொட்டைமாடிக் கதை. "ஏரியலைத் தெக்கால திருப்பினேன், ரூபவாஹினி வந்துச்சு. இன்னும் ஒரு இன்ச் திருப்பினேன், அங்க மழை போல, டிவி பூரா ஈரம்." 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத் தமிழகக் கடலோரத்தில் பூஸ்டர் போட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கடலுக்கு மேல் சூடான காற்று மூடிபோல நிற்கும்போது, டிவி அலைகள் அதற்கடியில் வளைந்து நெடுந்தூரம் வரும். இந்தக் கதையில் நம்ப முடியாத பகுதிதான் நடந்தது.

மூன்றிலும் ஒன்றைக் கவனிக்கலாம். அடிபடுபவர், தப்பு செய்பவர், ஏமாறுபவர் எல்லாமே கதை சொல்பவர்தான். இதே ஆட்கள் சொல்லும் மட்டமான கதைகளும் உண்டு: டிவியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய வீட்டம்மா, ரிமோட்டுக்குப் பூஜை போட்ட பாட்டி. அவை சலிப்பூட்டுகின்றன. பெண்களைக் கிண்டல் செய்கின்றன என்பது ஒரு காரணம். சொல்பவருக்கு அதில் இழக்க எதுவுமில்லை என்பது இன்னொன்று. நல்ல பீலா, சொல்பவருக்கு வலித்த இடத்திலிருந்து கிளம்புகிறது. வலியை நேராகச் சொல்லக் கூச்சப்படும் இடத்தில் மிகைப்படுத்தல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்றைய தட்டை டிவிகளுக்கு இப்படிக் கதைகள் பெரிதாக முளைக்கவில்லை. "போர்டு போச்சு, மாத்தணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பொய் சொல்லக்கூட அதில் இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். அன்று அவர் நிஜமாக விழுந்தது கடையின் சிமெண்ட் தரையில்தான் இருக்கும். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். கேட்டால் அதைச் சொல்லமாட்டார். நெத்திலி என்ன விலை என்பதைத்தான் சொல்வார்.