சின்னமும் சட்டமும்

நான்சி ஐஸ்லண்ட் அம்மையார் 1994-இல் வெளியிட்ட 'ஊனமுற்ற கடவுள்' என்னும் நூல், உயிர்த்தெழுந்த ஆண்டவரின் உடலிலும் தழும்புகள் நிலைத்திருந்தன என்பதில் தன் இறையியலை ஊன்றுகிறது (லூக்கா 24). ஊனம் பாவத்தின் சம்பளமுமன்று, தேவ சாயலுக்கு முரணுமன்று என அது நிறுவுவதை நாம் மனமுவந்து ஏற்கிறோம்.

ஆயினும் கோட்பாடு தனித்துக் கதவுகளைத் திறப்பதில்லை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, விதிமுறைகளின்றி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 1977 ஏப்ரலில் ஊனமுற்றோர் சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் உள்ளிருந்து போராடினர். அவர்களுள் சிலர் வாஷிங்டன் சென்று ஆட்சியாளரிடம் வாதாடினர். அதன் பின்னரே விதிகள் கையொப்பமாயின. போராட்டமும் தனித்து வென்றதன்று; சட்டப் பிரிவு ஒன்று கையிலிருந்தமையாலேயே கோரிக்கை கூர்மை பெற்றது.

இவ்வியக்கத்தை அறிந்த நூலாசிரியர் முடிவில் திருவிருந்துப் பந்திக்கே திரும்புகிறார். இதனைப் பின்வாங்குதல் எனக் குறைகூறத் தோன்றும். ஆனால் 1990-ஆம் ஆண்டு அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம், பொது இடங்களைத் திறக்கக் கட்டளையிட்டபோது, சமய நிறுவனங்களுக்கு விலக்களித்தது. அரசு கட்டாயப்படுத்தாத வாசலை எவர் திறப்பார்? விலக்கைப் பெற்ற திருச்சபைக்குச் சின்னம் மட்டும் போதாது. அதற்கேற்ற செயலும் அதன் கடனே. நம் பீடத்தின் படிகளை எண்ணிப் பார்த்த பின்னரே இந்நூலைப் போதிப்போமாக.