வட்டுத் தேர்வு
வீட்டில் முதன்முதலாக ஒரு சேமிப்புக் கணினியை அமைக்க விழைகிறவர் பிராசஸரின் வேகத்தைப் பற்றி விசாரப்படுவது அநாவசியம். ஒரு குடும்பத்தின் படங்களையும் பாட்டுகளையும் காப்பதற்குச் சாமானியமானதே யதேஷ்டம். சிரத்தை முழுவதும் ஹார்டு டிஸ்கின் மீதே செல்ல வேண்டும். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டு இயந்திரம், இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகளைச் சுமந்தும் ஏறக்குறைய 5 மெகாபைட்டே கொண்டது என்பதை நினைக்கையில், உள்ளங்கையில் அடங்கும் இன்றைய வட்டு நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல, அதன் காந்தமுனை தகட்டைத் தீண்டாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடியே எழுதிச் செல்லும் சாதுர்யம் பேராச்சரியத்தை உண்டாக்குகிறது. ஆனால், தடங்களைக் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கும் எஸ்.எம்.ஆர். வகையில், ஒரு தடத்தைத் திருத்த அண்டைத் தடங்களையும் திரும்ப எழுத நேர்வதால், பழுதான வட்டுக்குப் பதில் புதியதை வைத்துத் தரவுகளை மீட்கும் சமயத்தில் அது தளர்ந்து தத்தளிக்கும்; விலை சற்றுக் கூடினும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். வகையே உத்தமம். பிழை திருத்தும் ஈ.சி.சி. நினைவகம் விசேஷந்தான், ஆனால் மதர்போர்டும் பிராசஸரும் அதற்கு இசைய வேண்டும். பெட்டியின் அழகை நான் பொருட்படுத்துவதில்லை. வட்டுகளின் எதிரே பெரிய மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுழன்றால் போதும். இரட்டை வட்டுகளில் ஒரே தரவைப் பிரதிபிம்பமாக எழுதி வைத்தாலும், கை தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஏககாலத்தில் மறையுமாதலால், தனிப் பிரதிக்கென மற்றொரு வட்டையும் வாங்கும் பட்டியலில் சேர்த்துவிடுவது நலம்.