சிமெண்ட் தாளில் ஒரு மலை

டிசம்பர் பிறந்ததும் புன்னக்காயலில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து முதலில் இறங்குவது சிமெண்ட் தாள். அந்தக் காலத்தில் சிமெண்ட் பல மடிப்புத் தாள் சாக்கில் வரும். வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கி, உள் மடிப்பை உருவி, தூசி தட்டி வைத்திருப்போம். கரித்தூள், சுண்ணாம்பு, பச்சைச் சாயப்பொடி மூன்றையும் தண்ணியான மைதாக் கஞ்சியில் தனித்தனியாகக் கரைத்து, கிழிந்த துணியால் தாள் மேல் ஒத்தி ஒத்தி எடுக்கவேண்டும். தேய்த்தால் சுவர் மாதிரி ஆகிவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக் கசக்குவார்கள். பிரித்து நிறுத்தினால் பாறை நிற்கும். அதற்குள் வைக்கோல், ஆற்றுமணல், சிரட்டையில் முளைக்கவிட்ட கம்புப் பயிர், சிகரெட் ஈயத்தாளில் ஓர் ஓடை, கரையில் பொறுக்கிய சிப்பி. நடுவில் மாட்டுத் தொழுவம். இதுதான் கிறிஸ்துமஸ் குடில்.

மிக்ஸ்டு மீடியா என்று இன்று வகுப்பு எடுக்கிறார்கள், பை பையாகப் பொருள் விற்கிறார்கள். தாளும் துணியும் மணலும் உலோகமும் ஒரே பரப்பில் சேர்ந்தால் அந்தப் பெயர். 1912இல் பிராக்கும் பிக்காசோவும் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளையும் செய்தித்தாளையும் ஓவியத்தில் ஒட்டியபோது மேல்நாட்டு ஓவிய உலகம் அதிர்ந்தது. வீடுகளில் பொருள்கள் எப்போதுமே இப்படிக் கலந்துதான் கிடந்தன. குடிலையும், ஸ்டாரையும், பாட்டிமார் செய்த காகிதக்கூழ்ப் பெட்டியையும் நான் கலை என்றே சொல்கிறேன். கலை என்று சொல்லிவிட்டால் நிறைகுறை பார்த்தாகவேண்டும். இதுவரை நாம் வீட்டுக் கைவேலையைப் பாராட்டி மட்டுமே வந்திருக்கிறோம். பிள்ளைகள் செய்ததுதானே, பெண்கள் பொழுதுபோக்குத்தானே என்ற நினைப்பு அந்தப் பாராட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தாளுக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு. பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி கடலில் கலக்கும் இந்த இடத்தில்தான் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய மிஷனரி அண்டிரிக் அடிகளார் தங்கித் தமிழ் கற்றுத் தமிழில் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. பதினாறே பக்கம். 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ புன்னக்காயலிலேயே அச்சானது என்று அச்சு வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். புத்தகமான தாளுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. பெட்டியாகவும் நட்சத்திரமாகவும் மலையாகவும் மாறிய தாளுக்கு ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக் கைவேலையின் முதல் பலம், செய்கிறவருக்குப் பொருளின் குணம் கைவழியே தெரிந்திருப்பது. சிமெண்ட் தாள் ஏன் மலையானது? அதன் நார் நீளமானது. கசக்கினால் மடிப்பு அப்படியே நிற்கும், நனைந்தாலும் சட்டென்று பிய்யாது. செய்தித்தாளின் நார் குட்டையானது. மரத்தை அரைத்தே செய்வதால் மரத்தின் லிக்னின் அதிலேயே தங்கி, வெயில் பட்டதும் மஞ்சளாகும், நனைந்தால் கரையும். அது மலைக்கு ஆகாது, கூழுக்கு ஆகும். இந்த விவரம் எதுவும் என் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தாளை எதற்கு எடுப்பது என்பதில் அவர்கள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கூழ்ப்பெட்டி சித்திரை, வைகாசி வேலை. பழைய பேப்பரைக் கிழித்து, தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தனியே ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் அரைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது. கவிழ்த்த பானையின் மேல் ஒரு விரல் கனத்துக்கு அப்பி, உள்ளங்கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு மெழுகவேண்டும். “ஏ பிள்ளே, வேகமாத் தேய்க்காத, வெடிச்சிரும்” என்பார்கள். நான்கு வெயில் பட்டால் பெட்டி பானையிலிருந்து தானாகக் கழன்று வரும். நார்ப்பெட்டி, ஓலைப்பெட்டி இற்றுப்போனாலும் இதே கூழை மேலே பூசி இன்னும் பல வருடம் ஓட்டுவார்கள். எதையும் வீசாமல் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கணக்கு அந்தப் பெட்டியில் இருக்கிறது.

அதன் குறையையும் அதே அன்போடு சொல்லவேண்டும். அந்தப் பெட்டியில் மாவும் முறுக்கும் போட்டு வைத்தோம். அச்சு மை உணவோடு சேரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. இன்று கூழ்ப்பெட்டி செய்கிறவர்கள் நூல்கண்டும் வளையலும் வைக்கட்டும், தின்பண்டம் வேண்டாம். பசையிலும் இதே கதைதான். மைதாப் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது விஷம். அதே பசையில் கைவிட்டு ஸ்டார் ஒட்டிய பிள்ளைகள் அந்தக் கையோடு கடலை தின்றிருக்கிறோம். பழையது என்பதாலேயே அது சுத்தம் என்று பேசுவது நமக்குள் ஒரு நோயாகப் பரவிவருகிறது. துத்தம் போடாத பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும், ஒரு கரண்டி மாவில் முடிகிற வேலை.

ஸ்டாருக்கு வருகிறேன். ஒரே அளவில் பத்து மூங்கில் குச்சி. ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் விரல்நீளக் குச்சியை முட்டுக்கொடுத்தால் தட்டையாகக் கிடந்தது மூச்சு இழுத்ததுபோல் உப்பும். அந்தக் கணத்துக்காகவே நாங்கள் ஆளுக்கு ஒரு ஸ்டார் கட்டினோம். ஒரு குச்சி அரை அங்குலம் குறைந்தாலும் ஒரு கால் சூம்பிவிடும். பிலிப்பைன்ஸில் ‘பரோல்’ என்று மூங்கிலும் தாளும் கொண்டு இதே நட்சத்திரம் கட்டுகிறார்கள். ஜெர்மனியின் நீஸ்கி நகரில் மொராவியச் சபையாரின் பள்ளி ஒன்றில் 1830களில் வடிவியல் பாடத்துக்காகவே பல முனைத் தாள் நட்சத்திரம் செய்தார்கள். அது 1897இல் ஹெர்ன்ஹூட்டில் தொழிலாகி, இன்றும் விற்கிறது. நம் பள்ளிகளில் ஐங்கோணத்தைக் கரும்பலகையில் வரைந்து அழிக்கிறார்கள். டிசம்பரில் அதே பிள்ளை வீட்டில் ஐங்கோணத்தைக் கையால் கட்டுகிறது. இரண்டையும் யாரும் சேர்த்துக் காட்டுவதில்லை. என் பார்வையில், இந்தக் கைவேலைக்கு நாம் செய்துவரும் பெரிய அநியாயம் இதுதான்.

எங்கள் ஊர் வாடைக்காற்றில் தாள் ஸ்டார் மூன்று நாளுக்கு மேல் தாங்காது என்பதும் உண்மை. வடகிழக்குப் பருவமழை, உப்புக்காற்று, அடுத்து வரும் பனி. கண்ணாடித்தாள் தொய்ந்துவிடும், ஜிகினா கறுத்துவிடும். உள்ளே தொங்கிய குண்டு பல்பு தாளைக் கருக்கிய வீடுகளும் உண்டு. எல்இடி வந்தபிறகு அந்தப் பயம் ஏறக்குறைய போயிற்று. புதியவற்றில் நான் மனமார வரவேற்பது இந்த விளக்கைத்தான்.

மற்றவற்றை அப்படி வரவேற்க முடியவில்லை. சிமெண்ட் பிளாஸ்டிக் சாக்குக்கு மாறியதும் மலைக்கான தாள் நின்றுபோனது. கடையில் பாறை அச்சிட்ட தாள் வந்தது. அதில் தப்பில்லை, கசக்குகிற வேலையாவது மிஞ்சியது. பின்னாலேயே தெர்மாகோலும் பளபளக்கும் கிளிட்டர் தூளும் வந்தன. கிளிட்டர் என்பது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தை மணலைவிடப் பொடியாக நறுக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனையை 2023 அக்டோபரில் தடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தடை இருக்கிறது. அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. ஆனாலும் அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பலகை வாங்குவதை யாரும் தடுப்பதில்லை. குடில் பிரிக்கும் அன்று முற்றத்தைப் பெருக்கினால் அந்த வெள்ளை மணிகள் காற்றோடு போகும். எங்கள் ஊரில் காற்று போகிற இடம் ஆற்றுமுகம். அங்கே அலையாத்தி வேர்களுக்கிடையில்தான் மீன்குஞ்சு வளர்கிறது. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் தன் திருநாள் அலங்காரத்தைக் கடலுக்குள் கொட்டுவதை எந்தப் பக்தியாலும் நியாயப்படுத்த முடியாது.

இதைவிடவும் என்னை வருத்துவது, பார்த்துச் செய்கிற பழக்கம். செல்போனில் ஒரு குடில் ஓடுகிறது, அதில் பனி கொட்டுகிறது, இங்கும் பஞ்சு ஒட்டுகிறார்கள். பஞ்சின் மேல் எனக்குக் கோபமில்லை. பார்க்காத பனியை ஒரு பிள்ளை கற்பனை செய்துகொள்ளட்டும். ஆனால் அச்சு அசலாக அதே பனி, அதே சரிவு, அதே சிவப்புத் தொப்பி என்று தெருவில் பத்துக் குடில் இருந்தால் அதில் கற்பனை எங்கே? 1223இல் கிரெச்சியோவில் அசிசி பிரான்சிஸ் முதல் குடிலை அமைத்தபோது அந்த ஊர் வைக்கோலையும் அந்த ஊர் மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார். பெத்லகேமைத் தம் ஊருக்கு அழைத்துவந்தார். குடிலின் உயிர் அந்த அழைப்பில் இருக்கிறது.

ஒரு கரையோர ஊரில் குடில் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு திண்ணையில் சின்னக் குடில். கிழிந்த நைலான் வலையை மைதாப் பசையில் தோய்த்துக் கூரை வேய்ந்திருந்தார்கள். தேய்ந்த வலை மிதப்புகள் ஆடுகளாக நின்றன, தலைக்கு ஒரு கறுப்பு நூல் முடிச்சு. மூன்று ராசாக்களும் ஒட்டகத்தை விட்டுவிட்டு ஒரு வள்ளத்தில் வந்திருந்தார்கள். வள்ளம் தீப்பெட்டி அட்டை, பாய் பழைய கல்யாணக் கார்டின் பொன்னெழுத்துப் பக்கம். மணமகன் பெயரில் பாதி பாயில் தெரிந்தது. செய்தவள் எட்டாம் வகுப்புப் பெண். முதல் பரிசு ஆள் உயரத் தெர்மாகோல் கோபுரத்துக்குப் போனது. மதிப்பெண் தாளில் அளவு, அலங்காரம், ஒளி என்று மூன்று கட்டம் இருந்தது, பொருள் என்றொரு கட்டம் இல்லை. நானும் கட்டத்தைப் பார்த்தே மதிப்பெண் போட்டேன். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பது இன்றும் உறுத்துகிறது. போட்டிகளால்தான் குடில் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது, இளைஞர்கள் கைகோத்தார்கள் என்பதை மறுக்கமாட்டேன். அதே போட்டிதான் பெரிதையும் பளபளப்பையும் வளர்த்தது.

போட்டியில் இன்னொரு சாய்வும் உண்டு. தெருக் குடில் பையன்களுடையது, அதற்கு மைக்கில் பெயர் சொல்வார்கள். பசை காய்ச்சியது, கம்பு முளைக்கவிட்டது, கடைசியில் முற்றத்தைக் கழுவிவிட்டது எல்லாம் வீட்டுப் பெண்கள். கூழ்ப்பெட்டிக்கு ஒரு நாளும் போட்டி நடந்ததில்லை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தால்தான் உயர்வு என்றும் நான் நினைக்கவில்லை. மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்களே சூசையப்பரையும் மாதாவையும் ஆட்டிடையரையும் செய்து அனுப்புகின்றன. அந்தச் சுரூபங்களை வாங்கி வைப்பதால் வீட்டுக் கைவேலை சிறுத்துவிடாது. தேர்ந்த கை செய்ததை நடுவில் வைத்து, சுற்றிலும் நம் கை செய்ததை நிறுத்துவது நல்ல ஏற்பாடு.

மேரி டிலேனி என்ற ஆங்கிலப் பெண்மணி 72 வயதில் வண்ணத்தாளை நறுக்கிப் பூச்செடிகளை ஒட்டத் தொடங்கினார். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட ஆயிரம். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. வீட்டு மேசையில் நடந்த வேலைதான். ஒவ்வொன்றின் பின்புறமும் செடியின் பெயர், செய்த இடம், தேதி என்று எழுதிவைத்தார். நம் வீடுகளில் யாரும் அப்படி எழுதவில்லை. எழுதாததால் எந்தப் பாட்டி எந்த வருடம் எந்தப் பேப்பரை அரைத்தாள் என்று தெரியாது. ஆறு மாதத்தில் கரையக்கூடிய பொருளில் வேலை செய்கிறவர்கள் பெயரையும் தேதியையும் எழுதாமல் விடுவது, கலைக்கே உள்ள குறை. காற்றின் மேல் பழி போடமுடியாது.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. ஆற்றின் கீழ்க்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தபோது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கட்டில்மேல் வைத்த டிரங்குப் பெட்டி வரை தண்ணீர் வந்தது. உள்ளே இருந்த கூழ்ப்பெட்டிகள் இரண்டும் மறுபடி கூழாயின. அம்மாச்சி காலத்துச் சிமெண்ட் தாள் சுருள் மட்டும் வண்டலோடு தப்பியது. கொடியில் காயப்போட்டார்கள். அந்த வருடம் குடில் வைக்கவில்லை. அடுத்த வருடம் அதே தாளை விரித்தபோது மலையின் இடுப்பில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது, தண்ணீர் நின்ற மட்டம். அதன்மேல் பச்சை ஒத்தலாமா என்று மருமகள் கேட்டாள். “இருக்கட்டும்மா” என்றார் மாமியார். தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதச் சொன்னார்.