சூட்டுக்குறியில் யாருடைய எழுத்து?

அமெரிக்க மேற்கின் மாட்டுப் பண்ணைகளைப் பற்றிய புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் ஒரு படம் திரும்பத் திரும்ப வரும். அப்பா ஒரு குதிரையில், அம்மா இன்னொன்றில், அம்மாவின் சேணத்தில் முன்பக்கமாகக் கைக்குழந்தை, பின்னால் மட்டக்குதிரையில் ஆறேழு வயதுப் பிள்ளை. எதிரே மாட்டு மந்தை. குடும்பமே சேர்ந்து உழைக்கிறது என்று படம் சொல்கிறது. குதிரைமேல் ஏறிவிட்டால் ஆணும் பெண்ணும் சமம் என்று நமக்கும் நம்ப ஆசைதான். ஆனால் அந்தப் பெண்ணின் ஒரு கையில் கடிவாளம், மறு கையில் குழந்தை. அவள் செய்வது இரண்டு வேலை. 'கூடப் போனாள்' என்பதோடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது.

மாடு ஓட்டும் கதைகளில் பெயர்பெற்ற ஒன்று ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ரெட் ரிவர்' (1948). டெக்சாஸுக்குப் போய் மந்தை உருவாக்கக் கிளம்பும் டன்சனிடம் அவன் காதலி ஃபென், தானும் வருவதாக மன்றாடுகிறாள். பெண்ணுக்கு ஏற்ற பயணமல்ல என்று விட்டுச் செல்கிறான். பின்தங்கிய வண்டிக் கூட்டம் தாக்கப்பட்டு அவள் சாகிறாள். சற்றுப் பொறுத்து, ஒற்றைப் பசுவோடு ஓர் அநாதைச் சிறுவன் வருகிறான். அவனை டன்சன் சேர்த்துக்கொள்கிறான். வளர்ந்த பெண்ணால் தாங்க முடியாத வழியைச் சிறுவன் தாங்குவானாம்! மாடுகளுக்குப் போடும் சூட்டுக்குறியில் தன் பெயரின் எழுத்து எங்கே என்று சிறுவன் கேட்க, உழைத்துச் சம்பாதித்துக்கொள் என்கிறான் டன்சன். கடைசிக் காட்சியில் அந்த எழுத்து அவனுக்குக் கிடைக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் கொன்றுவிடாமல் தடுத்த டெஸ் அருகிலேயே நிற்கிறாள். அவளுக்கு எழுத்து இல்லை. 'அவளைக் கட்டிக்கொள்' என்று இவனுக்குத்தான் சொல்லப்படுகிறது.

அது கற்பனை. பண்ணையில் வளர்ந்த ஒரு பெண்ணே எழுதியது 'லேஸி பி' (2002). அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், தம்பி ஆலன் டேயுடன் சேர்ந்து எழுதிய நினைவுக் குறிப்பு. அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் அவர்கள் தாத்தா 1880இல் தொடங்கிய பண்ணை அது. மேய்ச்சல் வெளியில் சிதறிக் கிடக்கும் மாடுகளை வளைத்துச் சேர்க்கும் வேலை அங்கே ஆண்களுடையது. அதற்குள் தான் நுழைந்ததை, பிற்காலத்தில் ஆண்கள் மட்டுமே இருந்த இடங்களுக்குள் நுழைந்ததன் முதல் ஒத்திகையாக ஓ'கானர் பார்க்கிறார்.

அந்த நூலில் பலரும் எடுத்துச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. வேலையாட்களுக்கு மதிய உணவு ஏற்றிக்கொண்டு தனியாக வண்டி ஓட்டிப் போகிறாள் சாண்ட்ரா. வழியில் சக்கரம் காற்றிறங்குகிறது. துருவேறிய திருகுகளோடு மல்லுக்கட்டித் தானே மாற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தால், தாமதம் என்கிறார் அப்பா. இன்னும் முன்னதாகவே கிளம்பியிருக்க வேண்டுமாம். நூல் இதைப் பொறுப்புணர்வின் பாடமாகச் சொல்கிறது. நான் இன்னொன்றையும் படிக்கிறேன். சமைத்ததும் சுமந்ததும் சக்கரம் மாற்றியதும் பேச்சில் வரவில்லை. சோறு தாமதமானது மட்டும் வந்தது. பின்னாளில் பண்ணையை நடத்தும் பொறுப்பு தம்பியின் கைக்குப் போனது.

இதை ஓர் அப்பாவின் கறார்த்தனம் என்று தள்ளிவிட முடியாது. சட்டமும் அப்படித்தான் கணக்குப் போட்டது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பண்ணை பதிவாகியிருந்தாலும், அவன் இறந்தால் முழுவதும் அவன் சொத்து என்றே கொண்டு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வரி விதித்து வந்தது. தன் பணத்தைப் போட்டதாக மனைவி நிரூபித்தால்தான் அந்த அளவுக்கு விலக்கு. முப்பது ஆண்டுகள் மாடு ஓட்டியது பணம் ஆகாது. 'விதவை வரி' என்று பெயரிட்டுப் பண்ணைப் பெண்கள் போராடினார்கள். 1976இல் சற்றுத் தளர்ந்த அந்த விதி, கணவன் மனைவியைப் பொறுத்தவரை 1981இல்தான் ஒழிந்தது. ஓ'கானர் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

2017ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பு, ஒரு பண்ணையில் முடிவெடுப்பவர்களாக நான்கு பேர்வரை விவரம் தர இடம்விட்டது, கேள்விகளையும் திருத்தியது. முந்தைய கணக்கெடுப்பைவிடப் பெண்களின் எண்ணிக்கை சுமார் 27 விழுக்காடு கூடியது. மொத்தத்தில் அவர்கள் 36 விழுக்காடு. இத்தனை பெண்களும் திடீரென்று பண்ணைக்கு வந்துவிடவில்லை. பலர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். கேள்வி அவர்கள் பக்கம் திரும்பியது.

குடும்பமாகக் குதிரையேறுவதில் மகிழ்ச்சி இல்லையென்று நான் சொல்லவில்லை. 'லேஸி பி' முழுக்க அந்த மகிழ்ச்சி இருக்கிறது. தன் குதிரை சிக்கோவைப் பற்றி ஓ'கானர் எழுதும்போது நமக்கும் ஏறிப்பார்க்க ஆசை வருகிறது. பெண் பிள்ளையையும் மந்தைக்குப் பின்னால் அனுப்பிய வீடு, அவளைச் சமையலறையோடு நிறுத்திய வீட்டைவிட மேல். ஆனால் சேணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை குதிரையேற்றத்தை மட்டுமா கற்கிறது? மாலையில் திரும்பியதும் அடுப்படிக்குப் போவது யார், மாடு விற்ற காசோலை யார் பெயருக்கு வருகிறது என்பதையும் பார்த்துத்தான் வளர்கிறது.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்த்தால் அதற்கு வெளியே இருக்கும் இரண்டைக் கேளுங்கள்: நிலப் பத்திரத்தில் யார் பெயர், சூட்டுக்குறியில் யாருடைய எழுத்து? அவள் பெயர் அங்கேயும் இருந்தால், குடும்பமாக உழைக்கிறார்கள் என்ற சொல்லை நானும் ஒப்புக்கொள்வேன்.