இரட்சணிய யாத்திரிகத்தில் இளைப்பாறுதல்: ஒரு மதிப்பீடு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதனைக் கம்பரோடு ஒப்பிட்டுப் போற்றும் கட்டுரைகள் பல. அக்காப்பியம் காட்டும் இளைப்பாறுதல் எத்தகையது என வினவியவை சிலவே. கெடா மாநிலத் தோட்டப்புறங்களிலிருந்து வந்த மாணவர்க்கு இந்நூலைக் கற்பித்தபோது அவ்வினா எம்மை விடாது தொடர்ந்தது.

‘இளைப்பு’ உடலைச் சார்ந்த சொல். வீடுபேறு பயணத்தின் முடிவில் உள்ளது. இளைப்பாறுதலோ வழியிடை நிகழ்வது. மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் சுமை சுமப்போர்க்கு இளைப்பாறுதலை வாக்களிக்கும் இயேசு, அடுத்து நுகத்தைப் பற்றியே பேசுகிறார். அங்கு ஓய்வு என்பது சுமையின்மை அன்று. சுமை மாற்றம் எனலாம்.

காப்பியத்தின் மூலநூலை 1678இல் வெளியிட்ட ஜான் பன்யன், பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. மூட்டை சுமந்து நடப்பதன் வலியை அவர் அறிவார். அவருடைய பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. எனினும் பெரும்பகுதி வழி அதற்குப் பின்னரே உள்ளது. மலைச்சரிவின் நிழற்பந்தரில் அவன் அயர்ந்து உறங்கித் தன் சுருளை இழக்கும் இடம், ஓய்விலும் இடருண்டு என உணர்த்துகிறது.

1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, தமிழ்ப் புலமை மிக்கவர். விருத்தத்தின் வீறு அவருக்கு எளிதில் கைவந்தது. ஆயினும் அவ்வீற்றில் பாவம் என்னும் கருத்து மேலோங்க, தோளின் வலி பின்தங்கிவிடுகிறது என்பதே எமது கணிப்பு.

வகுப்பில் மாணவி ஒருவர் கூறியது இங்கு நினைவுக்கு வருகிறது. சுங்கை பட்டாணிக்கு அருகே பால்மரம் வெட்டிய அவர்தம் பாட்டி, காண்டாக் கம்பை இறக்கிய பின்னும் நெடுநேரம் தோள் சுமந்துகொண்டே இருப்பதாகச் சொல்வாராம். பன்யனின் நூலுக்கு இதனினும் சிறந்த உரையை யாம் எங்கும் படித்ததில்லை; வெளிநாட்டு நூலகங்களில் கழித்த ஆண்டுகளையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

இத்தகைய சமய ஆறுதல் தோட்டத் தொழிலாளரைப் பணிந்திருக்கவே பழக்கியது என்னும் குற்றச்சாட்டை முற்றாக மறுத்தல் இயலாது. எனினும் கூலிம் வட்டாரத்திலிருந்து எல்லை கடந்து, ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்வோர் தேடுவது வெறும் பணிவு என்று ஒதுக்குவதும் ஆராய்ச்சியாகாது. அங்குக் கிறித்தவர் அல்லாதாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர்.

காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களில் கிருஷ்ணபிள்ளை வேறொருவராகிறார். கதை நிற்கிறது, பயணியின் குரல் தாழ்ந்து நெஞ்சுக்கு அணுக்கமாகிறது. பண்டிதர் விலகி, களைத்த மனிதர் வெளிப்படும் இடம் அதுவே. பதிகமரபை நன்கறிந்த ஒருவர் தம் புதிய நம்பிக்கையைப் பழைய இசையில் அமர்த்தி மூச்சு வாங்குகிறார். கற்பிப்போர் பெரும்பாலும் ஆதி பருவத்திலிருந்தே தொடங்குகின்றனர். யாம் சில ஆண்டுகளாகத் தேவாரப் பகுதியை முதலில் படிக்கவைத்து, பிறகே விருத்தங்களுக்குத் திரும்புகிறோம்.